கழுவிய தண்ணீர் எங்கே போகிறது

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தாளை மேசைமேல் வைத்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதது போல மகள் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாடா ஏற்கெனவே அவிழ்ந்துதான் கிடந்தது.

அவளுடைய அப்பா, பம்ப்காரர், தாளை எடுத்துப் படித்தார். நான்காம் வகுப்பில், நகரம் எப்படி வளர்கிறது, எப்படி இயங்குகிறது என்று ஒரு பாடம் நடக்கிறதாம். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பெற்றோர் வந்து தம் வேலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். பஸ் ஓட்டுநர் ஒருவர் வந்து போய்விட்டார். மின்கம்பம் ஏறுகிறவர் ஒருவர் ரப்பர் கையுறையோடு வந்து போய்விட்டார். வருகிற வெள்ளிக்கிழமை இவருடைய முறை. கீழே, இவர் பெயருக்கு நேராக 'குடிநீர்' என்று எழுதியிருந்தது.

"குடிநீர்னு யாரு சொன்னது?"

"நான் தண்ணி ஆபீஸ்னுதான்ப்பா சொன்னேன். டீச்சரா எழுதிக்கிட்டாங்க" என்றாள் மகள், ஷூவைப் பார்த்தபடியே.

அவர் சிரித்துவிட்டார். ஒன்பது வயதில் இவ்வளவு சாமர்த்தியமாகப் பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் தப்பிக்க அவளால்தான் முடியும். சும்மாவா அவளுடைய மாமா அவளுக்கு 'வக்கீலம்மா' என்று பெயர் வைத்தான்?

அவர் பார்ப்பது குடிநீர் வேலை அல்ல. ஊரின் பள்ளமான மூலையில் இருக்கும் கழிவுநீர் பம்ப் நிலையத்தில் பதினாறு வருடமாக வேலை. சுற்றுவட்டாரத் தெருக்களில் அடைப்பு எடுக்கும் ஆட்களுக்கும் அவர்தான் பொறுப்பு.

மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் தோளுக்கு மேலாகத் தாளைப் படித்தாள். மகள் உள்ளே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"போயிட்டு வாங்க. ஆனா அந்தப் பேச்சை மட்டும் எடுத்துராதீங்க."

எந்தப் பேச்சு என்று அவர் கேட்கவில்லை. பத்து மாதத்துக்கு முன்னால் மனைவியின் தம்பி, வக்கீலம்மாவுக்கு மாமா, ஒரு தெருவின் சாக்கடைக் குழிக்குள் இறங்கி, விஷவாயு தாக்கி இறந்துபோனான். இருபத்தேழு வயது. பம்ப்காரரின் குழுவில்தான் வேலை பார்த்தான், வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். மாமாவுக்கு வேலையிடத்தில் திடீரென்று நெஞ்சுவலி என்று குழந்தையிடம் சொல்லி வைத்திருந்தார்கள். பெரியவர்களுக்கு விசாரணை அறிக்கை வேறொன்றைச் சொன்னது: 'யாரிடமும் சொல்லாமல், பாதுகாப்புப் பட்டையும் அணியாமல், தன்னிச்சையாக இறங்கிவிட்டார்.' அந்த வாசகத்துக்குக் கீழே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் பம்ப்காரர். வாசகம் பொய். பொய் என்று தெரிந்தேதான் போட்டார்.

அதை உண்மையென்று நம்பி, பத்து மாதமாக மனைவி செத்துப்போன தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள். துணி மடிக்கும்போது திடீரென்று, "திமிரு பிடிச்ச கழுத, ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கினா குறைஞ்சா போயிருவான்?" என்பாள். அவனுடைய படத்துக்கு முன்னால் நின்றும் திட்டுவாள். திட்டும்போதெல்லாம் பம்ப்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை அழுத்தி வாரிக்கொண்டு போனார். முப்பத்தொரு பிள்ளைகள். சுவரில் பெரிய தாளில் ஊர் வரைந்து ஒட்டியிருந்தார்கள். பஸ், மின்கம்பம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் இருந்தன. மூலையில் ஒரு குழாயும் அதிலிருந்து சொட்டும் நீலத் துளியும். அதுதான் அவருக்கு ஒதுக்கிய இடம். மகள் மூன்றாவது வரிசையில் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"சார் நமக்குக் குடிக்கத் தண்ணி எப்படி வருதுன்னு சொல்லப் போறாங்க" என்றார் டீச்சர்.

பம்ப்காரர் தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணும் டீச்சர். நான் நீங்க குடிக்கிற தண்ணி இல்ல. குடிச்சு, குளிச்சு, கழுவி, எல்லாம் முடிஞ்சப்புறம் போகுதே, அந்தத் தண்ணி."

வகுப்பு முழுக்க "ச்சீ!" என்று ஒரே குரல். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். இன்னொருவன் வேண்டுமென்றே நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். மகளின் தலை இன்னும் ஒரு அங்குலம் கீழே போனது.

அவருக்குக் கோபம் வரவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் ஒரு வளைந்த கோடு போட்டார்.

"இது ஓடை. முதல்ல இங்க வேற ஒண்ணுமே கிடையாது. ஓடைக்குப் பக்கத்துல நாலு பேர் நாலு வீடு கட்டினாங்க." நான்கு கட்டம் போட்டார். "நாலு நாப்பது ஆச்சு. நாப்பது வீட்டுக்கும் கடை வேணும். கடைக்குச் சாமான் கொண்டுவர ரோடு வேணும். ரோடு போட்டதும் அந்த வழியா போறவங்க, இந்த இடம் நல்லாயிருக்கேன்னு இங்கயே தங்கிட்டாங்க. நாப்பது நானூறு ஆச்சு. எல்லாரும் தினமும் குளிச்சாங்களா?"

"குளிச்சாங்க!" "எங்க தம்பி குளிக்க மாட்டான் சார்!"

"குளிச்ச தண்ணி எங்க போச்சு?"

"ஓடைக்கு!"

"குடிக்கிற தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"

மூக்கைப் பொத்தியிருந்தவள் கையை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "ஓடையிலிருந்தா?"

"ஐயய்யே!" என்று வகுப்பு அலறியது.

"அதேதான். ஊரே வாந்தி, பேதின்னு படுத்துருச்சு. அப்புறம்தான் புத்தி வந்து பூமிக்குக் கீழ குழாய் பதிச்சாங்க. மேல ஒரு ஊர் தெரியுதுல்ல? அதுக்குக் கீழ அதே மாதிரி இன்னொரு ஊர். ஒவ்வொரு தெருவுக்குக் கீழயும் ஒரு குழாய்த் தெரு. தண்ணிக்கு இறங்க மட்டும்தான் தெரியும், ஏறத் தெரியாது. எல்லாம் பள்ளத்தைப் பார்த்து ஓடி வந்து என் கிணத்துல விழும். நான் பம்ப் போட்டு அதைத் தூக்கி, சுத்தம் பண்ற இடத்துக்கு அனுப்புவேன். நான் ஒரு நாள் பம்ப்பை நிறுத்தினா என்ன ஆகும்?"

பிள்ளைகள் அதைப் பற்றி யோசித்தார்கள். யோசித்தவர்கள் முகம் கோணியது.

பிறகு அவர் பேச்சு தானாகவே சூடுபிடித்துவிட்டது. இந்த ஊர் எத்தனை மணிக்கு விழிக்கிறது என்று அவரால் கிணற்றைப் பார்த்தே சொல்ல முடியும் என்றார். காலை ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கும், ஏழரைக்கு உச்சம். விடுமுறை நாளில் எல்லாம் சோம்பேறிகளாகி ஒன்பது மணிக்குத்தான் ஏறும். டிவியில் பெரிய பந்தயம் நடந்தால் கிணறு அசையாமல் கிடக்கும், இடைவேளை விட்டதும் ஒரே நேரத்தில் குபீரென்று பொங்கும். "அப்ப ஊரே ஒண்ணா எந்திரிச்சு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றதும் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சிரித்தார். குப்பையைத் தடுக்கும் கம்பித் தடுப்பில் பல் துலக்கும் பிரஷ் சிக்கும், பொம்மை சிக்கும், ஒரு முறை முழுப் பல் செட்டே சிக்கியது என்றார். மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கிசுகிசுத்தாள். அவள் முகத்தில் பெருமை இருந்தது. அதைப் பார்த்தது அவருக்குப் போதும் போல இருந்தது.

அந்த நேரத்தில்தான், நாற்காலியோடு நகர்ந்து போனவன் கை தூக்கினான்.

"குழாய் அடைச்சுக்கிட்டா என்ன சார் பண்ணுவீங்க?"

"நீளக் கம்பி விட்டுக் குத்துவோம். ஒரு லாரி இருக்கு, தண்ணியை வேகமா அடிச்சு அடைப்பை உடைக்கும்."

"அதுலயும் போகலைன்னா?"

"ஆள்... ஆள் இறங்கக் கூடாது. அப்படித்தான் விதி."

"ஆனா இறங்குவாங்களா?"

அவர் சுண்ணக்கட்டியைப் பலகையின் விளிம்பில் வைத்தார். "சில சமயம்."

"யாராவது செத்துப்போயிருக்காங்களா?"

டீச்சர் குறுக்கிட வாயெடுத்தார். அதற்குள் அவர் "ஆமா" என்று சொல்லிவிட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டிலிருந்து புறப்படும்போது அப்படித்தான் தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தார். முப்பத்தொரு பேரும், கேட்டால் பதில் கிடைக்கும் என்கிற முழு நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நேரம் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லாமல் பேசியிருந்தார். நாக்கு அதே வழியில் போய்விட்டது.

மூன்றாவது வரிசையில் மகள் எழுந்து நின்றாள்.

"யாருப்பா?"

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது என்று அந்த முகமே சொன்னது.

"உன் மாமாதான்டா" என்றார்.

டீச்சர் அவசர அவசரமாக நன்றி சொன்னார். பிள்ளைகள் கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் அரைகுறையாகத் தட்டினார்கள்.

மகளை டீச்சர் அவரோடேயே அனுப்பிவிட்டார். பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பஸ் வந்து போயின, இருவரும் எழுந்திருக்கவில்லை.

"நெஞ்சுவலின்னு சொன்னீங்க."

"சொன்னோம். நீ சின்னப் பொண்ணுன்னு."

"இறங்கக் கூடாதுன்னு விதி இருக்குன்னு சொன்னீங்களே. அப்புறம் மாமா ஏன் இறங்கினாரு?"

அவர் சாலையைப் பார்த்தார்.

"மாமாவை யாரு இறங்கச் சொன்னது?" என்று மறுபடி கேட்டாள். வக்கீலம்மா ஒரு கேள்வியைப் பிடித்தால் விடமாட்டாள். அப்படிப் பழக்கியவனும் மாமாதான்.

"நான்" என்றார்.

அவள் அழவில்லை. பையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்து, திறந்து, குடிக்காமல் மூடினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அம்மா தினம் மாமாவைத் திட்டுறாங்களே."

"ஆமா."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்டா" என்றார்.

மனைவி ஒரு தையல் கூடத்தில் வேலை செய்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, மறுநாளுக்கான துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிப் பேசினீங்க? பசங்க சிரிச்சாங்களா?" என்று கேட்டாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவன் தன்னிச்சையாக இறங்கவில்லை. நான்தான் இறங்கச் சொன்னேன். கையெழுத்துப் போட்டது பொய்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவரில் சுவிட்சை அணைத்தாள். நின்றபடியே இருந்தாள்.

"மூடியைத் திறந்ததுல இருந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம."

அவர் சொன்னார். ஆஸ்பத்திரித் தெருவில் சாக்கடை பொங்கி, நோயாளிகள் அதை மிதித்துக்கொண்டு போனார்கள். அலுவலகத்திலிருந்து அரை மணிக்கு ஒரு போன். லாரி பழுதாகி வேறெங்கோ நின்றது. பாதுகாப்புப் பட்டையும் வாயுவை அளக்கும் கருவியும் லாரியிலேயே இருந்தன. கம்பி விட்டுப் பார்த்தார்கள், ஏதோ துணி மூட்டை போல மெத்தென்று தட்டுப்பட்டது. கையால் இழுத்தால் வந்துவிடும் போல இருந்தது.

"அவன் என்ன சொன்னான்?"

"நான் எப்பவும் கீழ் ஊர், மேல் ஊர் ரெண்டுக்கும் குடிமகன், ஆனா குடிக்கிறதில்லன்னு ஜோக்கடிச்சான். எல்லாரும் சிரிச்சோம்."

"அப்புறம்?"

அவர் கட்டில் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"பயந்தானா?"

இல்லை என்று சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. தனக்கும்.

"பயந்தான். மூடிகிட்ட குனிஞ்சு பார்த்துட்டு, வாடை ஒரு மாதிரியா இருக்கு அத்தான், லாரி வரட்டுமேன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு நிமிஷ வேலை மாப்ள. சட்டுனு இழுத்துட்டு வந்துருன்னேன்."

அவள் பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று அவர் நினைத்திருந்தார். அவள் தன் வாயிலேயே இரண்டு முறை அடித்துக்கொண்டாள்.

"பத்து மாசமா அவனைத் திட்டிக்கிட்டு இருந்தேனே. திமிரு பிடிச்சவன்னு. அவன் வேணாம்னு சொல்லியிருக்கான். நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து சோறு தின்னுக்கிட்டு, நான் திட்டுறதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே."

அவன் விழுந்ததும் நானும் இறங்கப் பார்த்தேன், குழுவில் இருந்த மற்ற இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்வது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் வேலைக்குப் போகாமல் நேரே தலைமை அலுவலகத்துக்குப் போனார். கைப்பட எழுதிய ஒரு தாளைப் பொறியாளரின் மேசையில் வைத்தார். தன் பழைய சாட்சியம் பொய், இறங்கச் சொன்னது தான், பட்டையும் கருவியும் அன்று இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தார்.

பொறியாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னப்பா இது, அடங்கிப்போனதைக் கிளறிக்கிட்டு? செத்தவன் எந்திரிச்சு வரப் போறானா? அன்னிக்கு உன் நல்லதுக்குத்தான் அப்படி எழுதினோம். உனக்கும் வேலை போயிட்டா உன் குடும்பத்துக்கு யாரு இருக்கா?"

"அன்னிக்கும் இதைத்தான் சார் சொன்னீங்க. அதுக்குத்தான் போட்டேன்."

"இப்ப என்ன வந்துச்சு?"

"பசங்க கேட்டாங்க சார்."

பொறியாளருக்கு அது விளங்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை மறுபடி நடந்தது. அன்று கூட இருந்த இரண்டு பேரில் ஒருவன், முதலில் மழுப்பி, பிறகு உடைந்து, உள்ளதைச் சொன்னான். பொறியாளருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது, ஆனால் அவர் வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார், அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. பம்ப்காரரை நிலையத்திலிருந்து எடுத்து, ஊருக்கு வெளியே பழைய குழாய்கள் அடுக்கி வைத்திருக்கும் கிடங்கின் வாசலில் உட்கார வைத்தார்கள். அங்கே கிணறு கிடையாது. ஊர் எத்தனை மணிக்கு எழுந்தது என்று அவருக்குத் தெரிவதற்கு வழியில்லை.

வீட்டில் மனைவி அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள். வீட்டை விட்டுப் போகவில்லை. சமைத்தாள், அவர் தட்டில் போட்டாள், அவர் துணியையும் தேய்த்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் மகள் மூலமாக வந்தது. மூவரும் ஒரே அறையில் நின்றுகொண்டிருப்பார்கள். "உங்கப்பாகிட்ட சிலிண்டர் தீர்ந்துடுச்சுன்னு சொல்லு" என்பாள் மனைவி. மகள் திரும்பி, "அப்பா, சிலிண்டர் தீர்ந்துடுச்சாம்" என்பாள். "சரின்னு சொல்லு" என்பார் அவர். ஒரு நாள் வக்கீலம்மாவுக்கே அலுத்துப்போய், "உங்க ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல?" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரவில்லை.

மாமாவின் படத்துக்கு முன்னால் மனைவி இப்போது திட்டுவதில்லை. ஒரு தடவை அவர் கிடங்கிலிருந்து சீக்கிரம் வந்தபோது, அவள் அங்கே நின்று, "கோவிச்சுக்காதடா. எனக்குத் தெரியாதுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வராமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தாம் மாதம் புது அறிக்கை தபாலில் வந்தது. ஒரே ஒரு பக்கம். 'மேற்பார்வையாளரின் உத்தரவின்பேரில், உரிய பாதுகாப்புச் சாதனங்கள் வழங்கப்படாத நிலையில் இறக்கப்பட்டார்.' மனைவி அதை மூன்று முறை படித்தாள். மடித்து உறையில் போட்டாள். பிறகு, அத்தனை நாளில் முதல் முறையாக, மகளைப் பார்க்காமல் அவரையே பார்த்துச் சொன்னாள்.

"அந்த இடத்தை எனக்குக் காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் போனார்கள். மகளை வீட்டில் விட்டுவரலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார், அவள் ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரித் தெரு எந்தத் தெருவையும் போலத்தான் இருந்தது. மருந்துக் கடை, சாவி செய்கிறவரின் பெட்டிக்கடை, மூடிக்கிடந்த ஜெராக்ஸ் கடை. பழங்கள் வாங்கிக்கொண்டு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள். மூடி தெரு நடுவில் இருந்தது. ஒரு ஸ்கூட்டர் அதன்மேல் டக்கென்று ஏறி இறங்கிப் போனது. யாரும் அதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

"இதுவா?" என்றாள் மனைவி.

"இதுதான்."

அவள் போய் அதன் பக்கத்தில் நின்றாள். நீண்ட நேரம் குனிந்து பார்த்தாள்.

"இவ்ளோ சின்னதா? அவனுக்கு எவ்ளோ அகலத் தோளு. சட்டை தைக்கும்போது எப்பவும் துணி பத்தாது. இதுக்குள்ள எப்படிப் போனான்?"

பம்ப்காரர் அவள் அருகே வந்து நின்று, செய்து காட்டினார். இரண்டு கையையும் தலைக்கு மேலே நேராகத் தூக்கி, காதோடு ஒட்டி, தோளைச் சுருக்கிக்கொண்டார். "இப்படி வச்சுக்கிட்டுத்தான் இறங்கணும். நான்தான் அவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்தேன்."

பின்னால் ஒரு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பம்ப்காரர் தூக்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றார். கண்ணீர் முகத்தில் இறங்கி சட்டைக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

ஆட்டோ மறுபடி ஹாரன் அடித்தது.

"போதும்" என்றாள் மனைவி. "இறக்குங்க கையை. வண்டி போகணும்."